மச்சாளின் கைப்பையில் போன கடவுச்சீட்டு

என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிட்டேன். இங்கே அவரை 'அவர்' என்று எழுதுவது பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் பிறந்தவள். எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் பக்கத்துத் தீவான நயினாதீவில் கலியாணம் முடித்தேன். கணவருக்கு லண்டனில் வேலை. மூன்று கிழமை லீவில் வந்து தாலி கட்டி, பதிவும் செய்துவிட்டுத் திரும்பிப் போனார். விசா கிடைக்கும் வரை அக்காவோடு இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் காய்ச்சலில் செத்துப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. தாய் போன பிறகு தம்பியை வளர்த்து, படிப்பித்து, லண்டனுக்கு ஏற்றிவிட்டது அவர்தான். அதை நாளுக்கு இரண்டு தரமாவது எனக்குச் சொல்வார். தம்பிக்கு நயினாதீவிலேயே பெண் பார்த்து வைத்திருந்தாராம். தம்பிதான் என் படத்தைப் பார்த்து ஓம் என்று சொல்லிவிட்டாராம். அதனால் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றிலிருந்து 'நெடுந்தீவாள்'. அலுமாரித் திறப்புக் கோர்வை எப்போதும் அவருடைய இடுப்பில். குசினியில் நான் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுத் திரும்பக் கொதிக்க வைப்பார். லண்டனிலிருந்து எனக்கு வரும் நீலக் கடிதங்களைத் தபால்காரனிடம் அவரே வாங்கி, உடைத்து, வாசித்து முடித்த பிறகுதான் என் கைக்குத் தருவார். ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"என்ரை பேருக்கு வந்ததை ஏன் மச்சாள் உடைக்கிறியள்?"

"அவன் என்ரை தம்பி. உமக்கு எழுதினாலென்ன, எனக்கு எழுதினாலென்ன?"

ஒன்றரை வருடம் இப்படி இருந்தேன். எண்பத்துநான்கின் நடுவில் எனக்கு விசா வந்தது. கணவர் இரண்டு விமான ரிக்கற்றுகளைத் தபாலில் அனுப்பினார். ஒன்று எனக்கு, மற்றது மூன்று மாதம் நின்று பார்த்துவிட்டு வர அக்காவுக்கு. அந்த நாளில் சும்மா போய் நின்று வருகிறவர்களுக்கு விசா தேவையில்லை. அங்கே இறங்கிய இடத்தில் முத்திரை குத்தி விடுவார்கள். கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்காவிலிருந்து மாலை ஆறரைக்கு விமானம். அதுவரை போய்ச் சேருவது எங்கள் பாடு.

ஆடிக் கலவரம் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ரயிலில் கொழும்புக்குப் போகப் பெண்கள் பயந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குத் தெற்கே இரத்மலானைக்கு ஒரு சின்ன விமானம் ஓடியது. மச்சாள் யாழ்ப்பாணம் போய் அந்த விமானக் கம்பனியின் கந்தோரில் எங்கள் இருவருக்கும் அதில் இடம் எடுத்துக்கொண்டு வந்தார். லண்டன் பயணம் இருக்கும் அதே நாள், காலை பத்து மணிக்கு.

"முதல் நாளே போனால் நல்லது மச்சாள்," என்றேன். "வெள்ளவத்தையிலை என்னோடை படிச்சவ ஒராள் இருக்கிறா. அங்கை நிக்கலாம்."

"கொழும்பிலை ஒரு ராத்திரி படுக்கிறதோ? போன வருசம் என்ன நடந்தது எண்டு உமக்குத் தெரியாதோ? பத்துக்கு ஏறினால் பதினொண்டேகாலுக்கு இறங்கிறம். ஆறரை மட்டும் நேரம் கிடக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிந்தினால் என்ன செய்வது என்று அந்தக் கந்தோரில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கம்பனி எங்களை இரத்மலானையில் இறக்கிவிடும். இன்னொரு கம்பனி கட்டுநாயக்காவில் ஏற்றும். ஒன்று பிந்தினால் மற்றது காத்திருக்காது. இது எனக்கும் அன்று சரியாக விளங்கியிருக்கவில்லை.

புறப்பட்ட அன்று விடிய முதல் வள்ளத்தில் ஏறினோம். காற்று அடித்தது. வள்ளத்தின் முன் அணியத்தால் தண்ணீர் தெறித்து என் சேலையும் மடியில் வைத்திருந்த பையும் நனைந்தன. குறிகட்டுவான் இறங்குதுறைப் பாலத்தில் ஏறியதும் மச்சாள் கையை நீட்டினார்.

"பாஸ்போட்டையும் ரிக்கற்றையும் இங்கை தாரும். நீர் நனைச்சு வைச்சிருக்கிறீர். போற வழியிலை துலைச்சும் போடுவீர்."

பஸ்ஸுக்கு நின்ற சனம் எங்களைப் பார்த்தது. சனத்துக்கு முன்னால் அவரோடு வாய் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டையும் தன் கறுத்தக் கைப்பைக்குள் வைத்து, வாரைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டார். இதை நான் விபரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நானே என் கையால்தான் கொடுத்தேன்.

பலாலியில் விமானத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் பஸ்ஸை விடச் சின்னது. ஏறுவதற்கு முன் ஆட்களையே தராசில் நிறுத்தினார்கள், கடையில் மூட்டை நிறுக்கிற மாதிரி. நானும் ஏறி நின்றேன். என்னிடம் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. மச்சாளிடம் ஒரு பெரிய சூட்கேசும், சாக்குத் துணியில் தைத்த ஒரு மூட்டையும் இருந்தன. மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, பனாட்டு, கருவாடு எல்லாம் தம்பிக்கு.

நிறுத்துப் பார்த்தவர் எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆள். தராசு முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஏலாது அக்கா. ஒராளுக்குப் பத்துக் கிலோதான்."

"இருபது எண்டு ரிக்கற்றிலை அடிச்சிருக்கு, பாரும் தம்பி!" மச்சாள் லண்டன் ரிக்கற்றை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தார்.

"அது அந்தப் பிளேன் அக்கா. இது இந்தப் பிளேன். அந்த ரிக்கற்றுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சாமானை விட்டிட்டுப் போங்கோ. இல்லாட்டி இவ அடுத்த பிளேனிலை வரட்டும். ஒரு மணிக்கு ஒண்டு இருக்கு. இவவின்ரை நிறை இல்லாட்டி உங்கடை சாமானை ஏத்தலாம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மச்சாள் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

"அப்ப இவ பின்னாலை வரட்டும்."

"மச்சாள், மூட்டையை விட்டிட்டுப் போகலாமே. பனாட்டு இல்லாமல் அவர் என்ன..."

"ஒரு வருசமா இதுக்கெண்டு சேர்த்து வைச்சது. ஒரு மணிக்கு வாரும். நான் இரத்மலானையிலை நிண்டு உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அப்ப என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ."

"அங்கை வந்து வாங்கும்."

அதற்குள் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் இன்னொரு தடவை கேட்டேன். அவர் திரும்பாமல் நடந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் அந்தச் சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் இருக்க வேண்டிய இடத்தில் கருவாடு போனது. அப்போது நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். தரையில் விழுந்து கத்தியிருக்க வேண்டும். படித்த பெண் என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு மர வாங்கில் போய் இருந்தேன்.

ஒரு மணி விமானம் இரண்டரைக்கு வந்தது. ஏன் பிந்தியது என்று யாரும் சொல்லவில்லை. இரத்மலானையில் இறங்கும்போது நாலு மணிக்குக் கிட்ட. வாசலில் மச்சாள் இல்லை. உள்ளே, வெளியே, பெண்கள் கழிப்பறையில், தேநீர்க் கடையில் எல்லாம் தேடினேன். கந்தோரில் இருந்த ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். கறுத்தக் கைப்பையோடு ஒரு அம்மா மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ரக்சியில் பன்னிரண்டு மணிக்கு முன்னமே போய்விட்டார் என்றார்.

நானும் ஒரு ரக்சி பிடித்தேன். ஓட்டுநர் சிங்களவர், தலை நரைத்தவர். நான் 'எயார்போட், எயார்போட்' என்று சொல்லி மணிக்கூட்டைக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. கொழும்புக்குள் சந்திக்குச் சந்தி வாகனம் நின்றது. ஒரு சோதனைச் சாவடியில் என்னை இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். லண்டன் என்றேன். ரிக்கற் எங்கே? இல்லை. பாஸ்போட்? இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஓட்டுநர் சிங்களத்தில் என்னவோ நெடுநேரம் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

கட்டுநாயக்காவை அடைந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. கடவுச்சீட்டும் ரிக்கற்றும் இல்லாதவளைக் காவலாளி உள்ளே விடவில்லை. நான் அழுததைப் பார்த்து அவர் ஆளனுப்பி, விமானக் கம்பனிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், கொழும்புத் தமிழர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மற்றப் பிளேன் பிந்தினதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அது வேற டிக்கெட். ஆனா உங்க பேர் லிஸ்ட்ல இருக்கு. பாஸ்போர்ட்டை அவங்க கிட்ட வாங்கித் தந்தா இப்பவும் ஏத்தலாம். அவங்க உள்ளே போயிட்டாங்க. நான் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்."

அவர் ஓடிப் போனார். உண்மையாகவே ஓடினார், அந்தப் பிள்ளையை நான் மறக்கமாட்டேன். கொஞ்ச நேரத்தில் மெதுவாக நடந்து திரும்பி வந்தார்.

"அம்மா, அவங்க கிட்ட உங்க சாமான் எதுவும் இல்லைன்னு சொல்றாங்க. நீங்க ஊரிலேயே நின்னுட்டீங்கன்னும் சொன்னாங்க."

"இல்லை எண்டோ சொன்னவ?"

"ரெண்டு தரம் கேட்டேன். இல்லைன்னுதான் சொன்னாங்க. நான் பையைத் திறந்து பார்க்க முடியாதே."

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது அழுகையில்லை. கோபம். இன்றுவரை அது தணியவில்லை.

நரைத்த ஓட்டுநர் போகாமல் நின்றிருந்தார். அவரே என்னை வெள்ளவத்தையில் என் சிநேகிதி வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு ரயிலில் ஊருக்கு வந்தேன். மச்சாள் பயப்பட்ட ரயில்தான், ஒன்றும் நடக்கவில்லை. நயினாதீவுக்குப் போனால் வீடு பூட்டு. திறப்பு லண்டனுக்குப் போய்விட்டது. உள்ளே கால் வைக்கக் கூட முடியாமல், வந்த வள்ளத்திலேயே குறிகட்டுவானுக்குத் திரும்பி, நெடுந்தீவு வள்ளம் பிடித்து அப்பாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கணவரின் கடிதம் வந்தது. அதை உடைக்க அங்கே யாரும் இல்லை. லண்டன் விமான நிலையத்தில் அக்காவின் கைப்பையைச் சோதித்தபோது வேறொரு பெண்ணின் கடவுச்சீட்டு, அதுவும் மனைவிக்கான விசாவோடு, கிடைத்ததாம். யாருடையது, எதற்குக் கொண்டு வந்தாய், யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டார்களாம். அக்கா பயத்தில் முதலில் தெரியாது என்றும், பிறகு தங்கச்சியுடையது என்றும், அதற்குப் பிறகு தம்பி பெண்சாதியுடையது என்றும் மாற்றி மாற்றிச் சொன்னாராம். அவர்கள் எதையும் நம்பவில்லை. கணவர் வெளியே காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். தம்பியின் முகத்தைக் கண்ணாடிக்குள்ளால் ஒரு தரம் காட்டிவிட்டு அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றிவிட்டார்களாம்.

கடிதத்தை வாசித்து நான் சிரித்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன்.

அதற்கு அடுத்த கிழமை அப்பாவோடு யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டு குறிகட்டுவானில் இறங்கினேன். நயினாதீவு வள்ளத்துக்கு நின்ற வரிசையில் மச்சாள் நின்றார். ஆள் மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் நேரே போய் முன்னால் நின்றேன். இந்தத் தடவை சனத்தைப் பார்த்து எனக்கு வெட்கம் வரவில்லை.

"என்ரை பாஸ்போட் எங்கை?"

"அவங்கள் பறிச்சு வைச்சிருக்கிறாங்கள். உம்மாலைதான் எனக்கு இந்த அவமானம்."

"என்னாலையோ? கட்டுநாயக்காவிலை வந்து கேட்ட பொடியனுக்கு இல்லை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அவர் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். நான் விடவில்லை.

"சொன்னனீங்களோ இல்லையோ?"

"ஓம், சொன்னனான்!" என்றார் உரத்து. வரிசை முழுக்கத் திரும்பியது. "பத்து வருசம் அவன்ரை முகத்தை நான் ஒழுங்காப் பாக்கேல்லை. கலியாணத்துக்கு வந்த மூண்டு கிழமையும் உம்மோடைதான் திரிஞ்சவன். ஒரு மாசமாவது அவனோடை தனிய இருப்பம் எண்டு நினைச்சன். நீர் பிறகு வந்து காலம் முழுக்க இருக்கத்தானே போறீர்."

இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. அதைப் பார்த்து அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். வா, போவம் என்றார். அப்பாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நேரே சொல்லியிருந்தால் நானே ஒரு மாதம் பிந்திப் போயிருப்பேன் என்று இன்றைக்கு எழுதலாம். அது பொய். போயிருக்க மாட்டேன்.

இரண்டு மாதத்தின் பின் என் கடவுச்சீட்டு கொழும்பில் இருக்கிற பிரிட்டிஷ் விசா அலுவலகத்துக்கு வந்துவிட்டதாகவும், விசாரணைக்கு வரும்படியும் எனக்குக் கடிதம் வந்தது. அதே கிழமையில் கணவரும் எழுதியிருந்தார். 'அக்கா பாவம். கேட்டால் தெரியாமல் மாறிப் போச்சு எண்டு சொல்லு. பிறகு அவவுக்கு இங்கை வாறது கரைச்சலாப் போயிடும்.' என்னைப் பாவம் என்று அவர் அந்தக் கடிதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன்.

கொழும்புக்குப் போனேன். அந்த அலுவலகத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கேட்க, தமிழர் ஒருவர் மொழிபெயர்த்தார். என் கடவுச்சீட்டு மேசையில் அவள் முன்னால் கிடந்தது. நீங்கள் இல்லாமல் இது எப்படி லண்டனுக்குப் போனது என்று கேட்டாள். தராசு, மூட்டை, ஒரு மணி விமானம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒன்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

"அவ உம்மட்டை இருந்து இதைப் பலவந்தமாப் பறிச்சவவோ, அல்லது நீராக் குடுத்தனீரோ எண்டு கேக்கிறா."

நானாகக் கொடுத்தேன் என்றால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது. நீயும் இதில் கூட்டு என்பாள், விசாவை வெட்டுவாள். கணவர் சொல்லித் தந்த பதிலும் நினைவில் இருந்தது. பலாலியில் நான் திருப்பிக் கேட்டபோது மச்சாள் தரவில்லைத்தானே என்றும் மனம் ஒரு நியாயம் எடுத்துக் கொடுத்தது. ஆனால் அந்த நியாயத்துக்காக நான் அதைச் சொல்லவில்லை. அந்த மனுஷியை லண்டனில் என் வீட்டுக் கதவடியில் ஒரு நாளும் காணக்கூடாது என்றுதான் சொன்னேன்.

"பறிச்சவ," என்றேன்.

அவள் எழுதினாள். ஒப்பம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். இரண்டு கிழமையில் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. கணவர் புதிதாக ரிக்கற் அனுப்பினார். இந்தத் தடவை நானே ஏற்பாடு செய்து, இரண்டு நாள் முந்தியே ரயிலில் போய், வெள்ளவத்தையில் நின்று, உச்சிக்கெல்லாம் கட்டுநாயக்காவில் போய் இருந்தேன். கடவுச்சீட்டு என் சட்டைக்குள் இருந்தது.

மறு வருடத்திலிருந்து எங்கள் நாட்டவர் சும்மா போய் வரவும் விசா எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. கணவர் எண்பத்தெட்டில் அக்காவைக் கூப்பிட்டார். விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. தொண்ணூறுக்குப் பிறகு மச்சாள் தீவை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். தொண்ணூற்றுநான்கில் கணவர் திரும்பவும் முயன்றார். மச்சாள் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்து, வவுனியாவில் கொழும்புக்குப் போகிற பாஸ் எடுத்து, கொழும்பு போய்ச் சேரப் பத்து நாளாயிற்றாம். அந்தத் தடவையும் மறுத்தார்கள். ஆனால் அந்தத் தடவை காரணத்தையும் வாசித்துக் காட்டினார்கள்.

தொண்ணூற்றைந்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மச்சாள் என் பெயருக்கு எழுதிய முதல் கடிதம். கொப்பித் தாளில் எழுதியிருந்தார்.

'நான் பலவந்தமாய்ப் பறித்தேன் என்று எழுதிக் கொடுத்தீராம். குறிகட்டுவானில் உம்முடைய கையால் தந்ததை மறந்துவிட்டீர். நான் கட்டுநாயக்காவில் ஒரு பொய் சொன்னேன். அதற்கு ஒரு நாள் முழுக்க அவமானப்பட்டேன். உம்முடைய பொய்க்கு நான் பதினொரு வருடமாகத் தம்பியைக் காணவில்லை. இது சரியோ என்று நீரே சொல்லும்.'

நான் அன்றே பதில் எழுதினேன். 'மறக்கவில்லை. நான்தான் தந்தேன். பொய்தான் சொன்னேன். நீங்கள் அந்தப் பொடியனிடம் ஓம் என்று சொல்லியிருந்தால் நானும் உங்களுக்கு அருகில் இருந்து அதே விமானத்தில் வந்திருப்பேன்.' அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்க்கக் கூட வரவில்லை.

தபாலில் போடுவதற்கு முன் இரண்டு கடிதங்களையும் கணவரிடம் கொடுத்தேன். அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தோடு கதிரையில் இருந்து இரண்டையும் வாசித்தார்.

"அப்ப அக்கா பறிக்கேல்லையோ?"

"இல்லை. நான் குடுத்தனான்."

"இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை."

"நீங்களும் கேக்கேல்லை. அக்காவைப் பற்றித்தான் கேட்டனீங்கள்."

அவர் கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தேத்தண்ணி ஆறிப் போனது. திரும்பி வந்து சாப்பிட்டார். ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், விசா அலுவலகத்துக்கு நீ உண்மையை எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டார். எழுதினால் எனக்கு என்ன வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

அந்த வருடம் ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணம் முழுதும் இடம்பெயர்ந்தது. மச்சாள் கொடிகாமத்தில் யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் இருக்கிறார் என்று ஒரு சொந்தக்காரர் எழுதினார். கணவர் அந்தக் கடிதத்தை மேசையில் நான் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் வாசித்தேன். பிறகு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் வரை இருந்து, நடந்ததை நடந்தபடி இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதி, ஒப்பம் வைத்து, கணவரின் பெட்டியில் வைத்தேன்.

அவர் அதை விசா அலுவலகத்துக்கு அனுப்பினார். இரக்கத்தில் எழுதினேன் என்று நினைத்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். அந்த மனுஷி என்னைப் பார்த்து இது சரியோ என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் எனக்கு முன்னால் வைத்துக் கேட்க அவரிடம் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பதற்காக எழுதினேன். அந்தக் கடிதத்தால் ஒரு பலனும் வரவில்லை. பழைய கோப்பை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. எனக்கும் ஒரு கேடும் வரவில்லை.